நள்ளிரவில் "அக்ரஹார எடுப்பீர்களா?" என்று கேட்ட கதை

சம்பளப் பட்டியல் கைக்கு வரும் நாட்களில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் தவறாமல் ஒரு பேச்சு எழும். அக்ரஹார மருத்துவக் காப்புறுதிக்கென்று மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்களே, அந்தரம் ஆபத்துக்கு ஓடினால் அதை ஏற்றுக்கொள்ளும் வைத்தியர் யாழ்ப்பாணத்தில் யார், எந்த வைத்தியசாலையில் இருக்கிறார் என்று யாராவது கேட்பார்கள். உடனே ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒருவர் தன் மைத்துனருக்கு முழுப்பணமும் கிடைத்தது என்பார். இன்னொருவர் ஒரு சதம்கூடக் கிடைக்கவில்லை என்பார். மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போய்விடுவோம். என் கணவருக்கு நடுச்சாமத்தில் நெஞ்சு வலித்தபோது அந்த ஓய்வறைப் பேச்சில் ஒரு வரிகூட எனக்கு உதவவில்லை. பணமும் போனது, நேரமும் போனது. இரண்டிலும் நேரம் போனதுதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அரச வேலையிலிருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். அக்ரஹார என்பது அரச ஊழியருக்கும் அவருடைய குடும்பத்துக்குமான மருத்துவக் காப்புறுதி. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. சாதாரணம், வெள்ளி, தங்கம் என்று படிகள் இருக்கின்றன. கூடுதலாக வெட்ட ஒப்புக்கொண்டால் கூடுதலான தொகை வரைக்கும் கோரலாம். நான் வெள்ளியில் இருக்கிறேன். கணவருக்கு அரச வேலை இல்லை. தோட்டமும், சந்தியில் ஒரு சிறிய உரக்கடையும் வைத்திருக்கிறார். அவருக்கென்று இருக்கும் ஒரே காப்புறுதி என் சம்பளப் பட்டியலில் உள்ள அந்த ஒற்றை வரிதான்.

எங்கள் வீடு சுன்னாகத்துப் பக்கம், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. அன்று பத்து மணிச் செய்தி முடிந்த கையோடு நெஞ்சு அடைக்கிறது என்றார். இரவு புட்டோடு கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு சாப்பிட்டிருந்தார். வாய்வுதான் என்று அவரே முடிவுகட்டி, இஞ்சி தட்டிச் சுடுதண்ணீர் கேட்டார். நான் அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பும்போது சாரத்தின் இடுப்புப் பகுதி வரைக்கும் வியர்வையில் நனைந்திருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. வலி தாடைக்கு ஏறுகிறது, பல்லெல்லாம் வலிக்கிறது என்றபோதுதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நெஞ்சு வலிப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார் என்று நாடகம் பார்த்துப் பழகிவிட்டோம். தாடை, தோள், முதுகு, மேல்வயிறு எங்கே வேண்டுமானாலும் அந்த வலி வரும். நீரிழிவுக்காரருக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் வியர்வையுமாகக்கூட வரும்.

1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் ஊளையிட்டுக்கொண்டு வந்தால் ஊரே படலைக்கு வந்துவிடும் என்றார். உயிர் போகிற நேரத்திலும் எங்கள் ஆட்களுக்கு அயலட்டைப் பற்றிய கவலை போகாது. ரொறன்ரோவிலிருக்கும் அண்ணாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அங்கே பகல். "தர்மாஸ்பத்திரியில் வரிசையில் விட்டுவிடுவார்கள், தனியாருக்குக் கொண்டு போ, காசைப் பற்றி யோசிக்காதே" என்றார். தூரத்தில் இருப்பவர்களின் பதற்றத்துக்கு எப்போதும் ஒரு தனியார் வைத்தியசாலை கிடைத்துவிடுகிறது. நான் நகரிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலைக்கு அழைத்து இரண்டே கேள்விகள் கேட்டேன். இந்த நேரத்தில் வைத்தியர் இருக்கிறாரா? அக்ரஹார எடுப்பீர்களா? மறுமுனையிலிருந்த பிள்ளை மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார்: "இருபத்துநான்கு மணி நேரமும் டொக்டர் இருக்கிறார் அம்மா. அக்ரஹார எல்லாம் எடுக்கலாம். கூட்டிக்கொண்டு வாருங்கள்."

அந்தப் பதிலில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் நான் விளங்கிக்கொண்டதற்கும் அவர்கள் சொன்னதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, முன்வீட்டு ஓட்டோக்கார அண்ணையை எழுப்பினேன். "தங்கச்சி, ஏன் தெல்லிப்பளைக்குப் போகவில்லை? அதுதானே கிட்ட" என்று அவர் வழியில் கேட்டது இப்போதும் காதில் நிற்கிறது. தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை எங்களுக்கு யாழ்ப்பாண நகரை விடப் பாதித் தூரம்தான். ஆனால் காப்புறுதியை ஏற்கும் இடம் ஒன்று கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் ஓட்டோ தெற்கே ஓடிக்கொண்டிருந்தது.

போய் இறங்கியதும் அவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுபோனார்கள். என்னைக் கவுண்டருக்கு அனுப்பினார்கள். முற்பணம் 60,000 ரூபாய். நான் கைத்தொலைபேசியில் இருந்த சம்பளப் பட்டியலின் படத்தை எடுத்துக் காட்டினேன். கவுண்டரிலிருந்த பிள்ளை இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி, அக்ரஹார என்ற வரியை வாசித்துவிட்டுத் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். "இது நீங்கள் பிறகு எடுத்துக்கொள்வது ரீச்சர். பில்லும் கடிதமும் நாங்கள் தருவோம். இப்போது முற்பணம் கட்ட வேண்டும்." அவர்களுடைய அகராதியில் "எடுக்கலாம்" என்றால் நான் முழுவதையும் கட்டிவிட்டு, பிறகு நிதியத்திடம் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் பொருள். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது அலுமாரியில் இருந்த சீட்டுக்காசைக் கைப்பையில் அள்ளிப் போட்டிருந்தேன். மறுநாள் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிய காசு. அதை எண்ணிக் கொடுத்தபோது பயத்தை விட வெட்கம்தான் கூடுதலாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் மனம் அப்படித்தான் வேலை செய்கிறது.

வைத்தியர் இருந்தார்தான். இளம் பிள்ளை, பொறுப்பானவர். அஸ்பிரின் கொடுத்துச் சப்பச் சொன்னதும் அவர்தான், அதற்காக என்றும் நன்றி. முதல் ஈ.சி.ஜி.யில் தெளிவாக இல்லை என்றார். இரத்தம் எடுத்தார்கள். இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்து, அதைப் படம் பிடித்து வட்சப்பில் இருதய நிபுணருக்கு அனுப்பினார். நிபுணர் பதில் சொல்லும் வரைக்கும் காத்திருந்தோம். சுவரில் கடிகாரம் இல்லாத அறை அது. நிபுணரின் பதில் ஒற்றை வரி: உடனே போதனா வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

இங்கேதான் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தனியார் வைத்தியசாலைகளில் நாம் சனல் செய்து, அதாவது முன்பதிவு செய்து பார்க்கும் நிபுணர்களில் பெரும்பாலானோர் அரச வைத்தியசாலைகளில் கடமையாற்றுபவர்கள். அங்கே கடமை முடித்து மாலையில் வருகிறார்கள், பார்த்துவிட்டுப் போகிறார்கள். நள்ளிரவில் தனியாரில் இருப்பவர் கடமை வைத்தியர் மட்டும்தான். பாரதூரமான நோயென்றால் அவர் செய்யக்கூடியது முதலுதவியும் தொலைபேசியும். அதே நிபுணரின் குழு, கண்காணிப்புக் கட்டில், தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி எல்லாம் ஒரே வளவுக்குள் இரவு முழுவதும் விழித்திருக்கும் இடம் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. அங்கே காப்புறுதி இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை, இலவசம். ஆகவே "அக்ரஹாரவை ஏற்கும் அவசர வைத்தியர் யார்" என்று அந்த நேரத்தில் தேடுவதே வீண் அலைச்சல். அவசர மருத்துவத்துக்கென்று பயிற்சி பெற்றவர்கள் நிற்கும் வாசலில் அந்தக் காப்புறுதிக்கு வேலையே இல்லை.

அங்கிருந்து போதனா வைத்தியசாலைக்கு மிகக் குறுகிய தூரம். அதற்குத் தனியார் அம்புலன்ஸ் 8,000 ரூபாய். முற்பணத்தில் கழித்தது போக மிகுதியை இரவில் தர முடியாது, காசாளர் காலையில்தான் வருவார் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் முகக்கவசம் போட்ட ஒரு பெண் வைத்தியர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது. பத்து மணிச் செய்தி முடிந்த உடனே என்றேன். ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டைக் கிழித்து, அதில் நேரத்தை எழுதி, ஈ.சி.ஜி. தாளின் தலையில் ஒட்டினார். பிறகு நடந்த எல்லாம் அந்தத் துண்டைப் பார்த்தே நடந்தது. இதயக் குழாயில் இரத்தம் கட்டிப்பட்டு அடைத்திருக்கிறது, கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும், இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் சிறிதளவு இருக்கிறது, சம்மதமா என்று நின்றபடியே விளக்கினார். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு இதயத் தசை தப்பும் என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்தைக் கேட்டபோது நான் கவுண்டரில் காசு எண்ணிக்கொண்டு நின்ற நேரமும், வட்சப் பதிலுக்குக் காத்திருந்த நேரமும் என் தலைக்குள் தசைக் கணக்காக மாறிவிட்டன. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அங்கே போயிருந்தது. கோபம் யார்மேல் என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. அண்ணா திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கவில்லை.

ஊசிக்குப் பிறகு வலி குறைந்தது. விடுதிக்கு மாற்றினார்கள். ஆண்கள் விடுதி என்பதால் இரவில் என்னை நிற்க விடவில்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கூட நிற்க ஓர் ஆண் துணையை அந்த நேரத்தில் எங்கே தேடுவது? கடைசியில் ஓட்டோ அண்ணைதான் தன் மகனை அனுப்பினார். வெளிநாட்டில் சகோதரங்கள் இருக்கும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். பணம் ஒரு நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடும். விடுதியில் கட்டிலருகே நிற்க ஒரு மனிதர் வந்துசேர மாட்டார். இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய ஓர் ஆணின் இலக்கமும் ஒரு பெண்ணின் இலக்கமும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கட்டும்.

1990 பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியாவின் நன்கொடையோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவை அது. வடக்குக்கு 2018இல் வந்தது. தமிழிலேயே பேசலாம். அவர்கள் அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோவார்கள். இதை ஒரு குறை போலச் சிலர் சொல்வார்கள், எனக்கு இப்போது அதுதான் அதன் பெரிய நன்மையாகத் தெரிகிறது. எங்கே போவது என்ற குடும்ப வாக்குவாதம் அதோடு முடிந்துவிடும். அம்புலன்ஸுக்குள் பயிற்சி பெற்றவர் இருப்பார், ஒட்சிசன் இருக்கும். ஓட்டோவில் இரண்டும் இல்லை. ஒரே சிக்கல், எங்கள் ஒழுங்கைகள். "வைரவர் கோயிலடி" என்று சொன்னால் எந்த வைரவர் என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. எங்கள் பகுதியில் மட்டுமே எத்தனை வைரவர் என்று எனக்கே தெரியாது. பிரதான வீதியின் பெயர், பக்கத்துப் பாடசாலை அல்லது சந்தி, அதிலிருந்து எந்தக் கைப்பக்கம் திரும்புவது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டேன். பதற்றத்தில் சொந்த வீட்டுக்கு வழி சொல்ல வராது. முடிந்தால் ஒருவர் ஒழுங்கை முகப்பில் ரோச் லைற்றோடு நிற்க வேண்டும்.

அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைகளையும் மறக்க வேண்டாம். தெல்லிப்பளை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று குடாநாட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அங்கே அவசர சிகிச்சை தொடங்கிவிடுவார்கள். மேலதிகமாகத் தேவையென்றால் தங்களுடைய அம்புலன்ஸிலேயே போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நெஞ்சுவலிக்கு மட்டுமல்ல, பக்கவாதம், வீதி விபத்து எல்லாவற்றுக்கும் இதே வழிதான். பாம்புக்கடி என்றால் தனியாரைப் பற்றிய நினைப்பே வேண்டாம். விஷமுறிவு மருந்து இருப்பது அரச வைத்தியசாலையில்.

தனியாருக்கே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் நானே போவேன். அக்ரஹார உண்மையில் பயன்படும் இடமும் அதுதான். ஆனால் தொலைபேசியில் என்னைப் போல "எடுப்பீர்களா" என்று கேட்டால் பயனில்லை. நேரடியாக நிதியத்திடம் நீங்களே அறவிடுவீர்களா, அல்லது நான் கட்டிவிட்டுக் கோர வேண்டுமா என்று கேட்க வேண்டும். முற்பணம் எவ்வளவு, அட்டையில் கட்டலாமா, காசாகத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். இப்போது கட்டடத்துக்குள் இருப்பவர் கடமை வைத்தியரா, நிபுணரா, நோய் முற்றினால் இங்கேயே வைத்திருப்பீர்களா அல்லது அனுப்பிவிடுவீர்களா, அனுப்பினால் அம்புலன்ஸ் காசு யாருடையது என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தயங்கினால், அதுவே பதில்.

காப்புறுதிக் கோரிக்கைக்கு வருகிறேன். கணவர் வீட்டுக்கு வந்து, அவருடைய மாத்திரைப் பெட்டிக்கு நான் நேரம் பிரித்து எழுதி ஒட்டிய பிறகுதான் அந்தப் பக்கம் தலைவைத்தேன். தனியார் வைத்தியசாலையின் பில் அம்புலன்ஸோடு சேர்த்து 50,000 ரூபாயை எட்டியிருந்தது. மிகுதியை வாங்கப் போன அன்று விடுப்பு எடுத்தேன். வலயக் கல்வி அலுவலகத்தில் அக்ரஹார விடயம் பார்க்கும் அலுவலர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரீச்சர், இதில் வெளிநோயாளர் என்றுதானே போட்டிருக்கிறார்கள்? விடுதியில் அனுமதித்ததற்கு நோய் நிர்ணய அட்டை எங்கே?" என்றார். இல்லை. சிறிது நேரம் கட்டிலில் வைத்திருந்து அனுப்பியவர்களுக்கு அப்படியொரு அட்டை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. வேறு இடத்துக்கு மாற்றினாலும், கிளம்பும் முன்னே உங்கள் பதிவு எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். நோய் நிர்ணய அட்டை அல்லது மாற்றிய கடிதம், ஒவ்வொரு பற்றுச்சீட்டின் மூலப்பிரதி, மருந்துக் குறிப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் நிழற்பிரதி எடுத்த பிறகே மூலப்பிரதியை ஒப்படையுங்கள். விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்த வேண்டும், அதற்கும் நாள் போகும். அதிலுள்ள காலக்கெடுவை முதலில் வாசியுங்கள்.

எனக்குத் தெரியாதிருந்த இன்னொன்றை அந்த அலுவலர்தான் சொன்னார். அரச வைத்தியசாலையில் இலவசமாகத் தங்கியிருந்த நாட்களுக்கும் அக்ரஹாரவில் ஒரு தொகை கோரலாம். வெளியே வாங்கச் சொன்ன மருந்துகளின் பற்றுச்சீட்டுகளையும் கொண்டுவரச் சொன்னார். நல்லவேளை, அவற்றைச் சமையலறை ஆணியில் குத்தி வைத்திருந்தேன். இருதயச் சத்திரசிகிச்சை என்று ஆகி, பெரிய செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 2025 முதல் அந்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கிளினிக் கொப்பியும் மாத்திரைகளும் போதுமென்று விட்டுவிட்டார்கள்.

போதனா வைத்தியசாலையில் தங்கிய நாட்களுக்கான பணம் சில மாதங்களில் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. சிறிய தொகை, சீட்டுக் கடனில் ஒரு மூலையைத்தான் அடைத்தது. தனியார் பில்லுக்காக, அவரைப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றிய கடிதத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன். தருவதாகச் சொல்கிறார்கள், இன்னும் தரவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் சென்ற மாதமும் அதே பேச்சு எழுந்தது. இந்த முறை நான் எந்தப் பெயரும் சொல்லாமல், 1990 என்ற இலக்கத்தை எல்லோருடைய தொலைபேசியிலும் அப்போதே பதியச் சொன்னேன். இருவர் பதிந்தார்கள். மற்றவர்கள் பிறகு பதிவதாகச் சொன்னார்கள்.